பிரிட்டிஷ் சைக்கெடெலிக் ராக் எல்.பி.க்கள்: முதல் அச்சை அடையாளம் காண, வாங்க, காப்பாற்ற முழு வழிகாட்டி

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் முதல் எல்.பி.யான (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு) ‘த பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்’ 1967 ஆகஸ்டில் இங்கிலாந்தில் வெளியானது. அதன்பின் எத்தனையோ முறை மறுபடி அச்சாகிவிட்டது. அட்டைப் படமும் பாடல்களும் இங்கிலாந்து அச்சுகள் எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஆனால் 1967இல் இ.எம்.ஐ. நிறுவனம் அச்சடித்த மோனோ (ஒற்றைத் தட ஒலி) பிரதிக்கும் எழுபதுகளில் வந்த ஸ்டீரியோ (இடம், வலம் என இரட்டைத் தட ஒலி) மறு அச்சுக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம் உண்டு. ஒலியிலும் உண்டு. விற்பவர் ‘ஒரிஜினல்’ என்பார். அவர் பொய் சொல்லாமலே தவறாகவும் இருக்கலாம். அவர் வாயைப் பார்க்க வேண்டியதில்லை, தட்டைப் படித்தால் போதும். எந்த ஆண்டு, எந்த ஆலை, எத்தனையாவது அச்சு என்பதெல்லாம் தட்டின் நடுவே ஒட்டிய காகித லேபிளிலும், கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள டெட் வாக்ஸ் என்ற மொழுமொழு வளையத்திலும் இருக்கின்றன. அதைப் படிக்கக் கற்ற பிறகுதான் பணப்பையைத் திறக்க வேண்டும்.

முதலில் எல்லை போடுங்கள்

‘சைக்கெடெலிக் ராக்’ (மயக்க அனுபவத்தை ஒலியில் காட்ட முயன்ற அறுபதுகளின் ராக் இசை) என்று பொதுவாக இறங்கினால் அமெரிக்கா, பிரேசில், துருக்கி, ஜாம்பியா என்று கடல் விரிந்துகொண்டே போகும். ஒரு நாடு, மூன்று நான்கு ஆண்டுகள், நான்கைந்து லேபிள்கள் (தட்டுகளை வெளியிடும் வணிகப் பெயர்கள்) என்று குறுக்கிக்கொண்டால் ஓராண்டுக்குள் கண் பழகிவிடும். இந்த வழிகாட்டி எடுத்துக்கொள்வது 1966 முதல் 1969 வரையிலான பிரிட்டன். இ.எம்.ஐ.யின் கொலம்பியா, பார்லஃபோன், அடுத்து டெக்கா, டிராக், இம்மீடியட், ஐலண்ட். நல்ல இசை குவிந்திருப்பதும், அச்சு விவரம் மிக ஒழுங்காகப் பதிவாகியிருப்பதும் இந்த இடத்தில்தான்.

அரிய தட்டில் தொடங்காதீர்கள். பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ 1967இல் லட்சக்கணக்கில் அச்சானது. சுமாரான நிலையில் உள்ள இங்கிலாந்துப் பிரதி இன்றும் எளிதில் கிடைக்கும். கீழே சொல்லும் எல்லாக் குறிகளும் அதில் இருக்கின்றன. அதை வைத்துப் பழகிவிட்டு பிரிட்டி திங்ஸ் குழுவின் ‘எஸ்.எஃப். சாரோ’ போன்றவற்றுக்குப் போகலாம்.

தேவையான கருவிகள் குறைவு: 10 மடங்கு பெரிதாக்கும் லூப், ஒரே புள்ளியாக வெளிச்சம் தரும் சிறிய எல்.இ.டி. டார்ச், ஊசியின் அழுத்தத்தை 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு.

லேபிளைப் படிப்பது

அறுபதுகளின் நடுவிலிருந்து 1969 வரை, இ.எம்.ஐ. லேபிள்களின் நடுவே ‘இங்கிலாந்தில் மறுவிற்பனை விலை நிபந்தனைகளுக்கு உட்பட்டு விற்கப்படுகிறது, விலைப்பட்டியலைப் பார்க்கவும்’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி இருக்கும். லேபிளின் விளிம்பைச் சுற்றி ‘கிராமஃபோன் கம்பெனி லிமிடெட்’ என்று ஓடும். அந்தக் காலக் கொலம்பியா லேபிள் கறுப்பும் நீலமும், பார்லஃபோன் லேபிள் கறுப்பில் மஞ்சள் எழுத்து. 1969க்குப் பிறகு இரண்டுமே கறுப்பு வெள்ளி ஆகி, இ.எம்.ஐ. என்ற சிறு பெட்டி வந்து சேர்கிறது. முதலில் ஒரு பெட்டி, பிறகு இரண்டு. விளிம்பில் ‘இ.எம்.ஐ. ரெக்கார்ட்ஸ் லிமிடெட்’ என்றிருந்தால் அது எழுபதுகளின் அச்சு. ‘பைப்பர்’ வெள்ளிப் பெட்டி லேபிளில் வந்தால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது மறு அச்சுதான்.

டெக்காவில் மோனோவுக்குச் சிவப்பு லேபிள், ஸ்டீரியோவுக்கு நீலம். பெயரைச் சுற்றிப் பெட்டி இல்லாததுதான் அறுபதுகளுடையது. பெட்டிக்குள் அடைத்த பெயர் 1969, 70 வாக்கில் வந்தது. ஐலண்டில் இளஞ்சிவப்பு லேபிள் என்பதோடு நிற்கக் கூடாது. ஆரஞ்சு கறுப்பு வட்டச் சின்னம் முதலாவது. அதன்பின் கறுப்புக் கட்டம், பிறகு வெள்ளை ‘ஐ’ எழுத்து, 1970க்கு மேல் இளஞ்சிவப்பு விளிம்போடு பனைமரம். டிராஃபிக்கின் ‘மிஸ்டர் ஃபேன்டசி’ 1967 டிசம்பர் வெளியீடு. அது பனைமர லேபிளில் வந்தால் என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை.

பட்டியல் எண்ணும் லேபிளிலேயே இருக்கிறது. ‘பைப்பர்’ மோனோ எஸ்எக்ஸ் 6157, ஸ்டீரியோ எஸ்சிஎக்ஸ் 6157. பிரிட்டி திங்ஸின் ‘எஸ்.எஃப். சாரோ’ 1968 டிசம்பரில் வந்தது. எஸ்எக்ஸ் 6306, எஸ்சிஎக்ஸ் 6306. ‘சார்ஜென்ட் பெப்பர்’ பிஎம்சி (PMC) 7027, பிசிஎஸ் (PCS) 7027. ரோலிங் ஸ்டோன்ஸின் ‘தேர் சட்டானிக் மெஜஸ்டீஸ் ரிக்வெஸ்ட்’ டிஎக்ஸ்எல் (TXL) 103 மோனோ, டிஎக்ஸ்எஸ் (TXS) 103 ஸ்டீரியோ. எண் மட்டும் பொருந்தினால் போதாது, மறு அச்சுகளும் அதே எண்ணைச் சுமந்தே வந்தன.

டெட் வாக்ஸைப் படிப்பது

இதுதான் முக்கியமான படி, இங்கே நேரம் செலவிடுங்கள். தட்டு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் குறிகள் தாமாகப் புரியும். டேப்பிலிருந்து ஒலியை முதலில் லாக்கர் பூசிய தட்டில் வெட்டுகிறார்கள். அதன்மேல் உலோகம் படிய வைத்து எடுக்கும் நெகடிவ் ‘தந்தை’. அதிலிருந்து எடுப்பது ‘தாய்’. தாயிலிருந்து எடுப்பது ‘ஸ்டாம்பர்’. சூடான வினைலை அழுத்துவது ஸ்டாம்பர்தான். அது சீக்கிரம் தேயும், அதனால் ஒரு தாயிலிருந்து பல ஸ்டாம்பர்கள் எடுப்பார்கள். இந்த மூன்று தலைமுறைக்கும் இ.எம்.ஐ. தனித்தனிக் குறி வைத்தது.

தட்டைக் கையில் வைத்து, மேட்ரிக்ஸ் எண் (டெட் வாக்ஸில் பதிந்த, அந்தப் பக்கத்துக்கான எண்) கடிகாரத்தின் 6 மணி இடத்தில் வரும்படி திருப்புங்கள். டார்ச்சைத் தட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திச் சாய்வாக அடியுங்கள். மேலிருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது. ‘பைப்பர்’ மோனோவில் 6 மணியில் எக்ஸ்ஏஎக்ஸ் 3419-1 என்றும், மறுபக்கம் எக்ஸ்ஏஎக்ஸ் 3420-1 என்றும் இருக்கும். ஸ்டீரியோவில் தொடக்கம் ஒய்ஏஎக்ஸ். கோட்டுக்குப் பின்னால் வரும் எண் எத்தனையாவது லாக்கர் வெட்டு என்பது. 9 மணியில் உள்ள ஒற்றை எண் தாயின் எண். 3 மணியில் உள்ள எழுத்துகள் ஸ்டாம்பரின் எண்.

அந்த எழுத்துகளுக்குச் சாவி, கிராமஃபோன் லிமிடெட் என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தில் (GRAMOPHLTD) உள்ள பத்து எழுத்துகள். ஜி 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, எச் 7, எல் 8, டெலிபோனில் வரும் டி 9, டாக்டரில் வரும் டி 0. ஆக, ‘ஜிஓ’ என்றிருந்தால் 15ஆவது ஸ்டாம்பர், ‘ஆர்எம்’ என்றால் 24ஆவது. டெக்காவுக்குச் சாவி பக்கிங்ஹாம் (BUCKINGHAM) என்ற பெயர்: பி 1, யு 2, சி 3, கே 4, ஐ 5, என் 6, ஜி 7, எச் 8, ஏ 9, எம் 0. டெக்கா மேட்ரிக்ஸின் கடைசியில் எண்ணுக்குப் பின் ஒட்டியிருக்கும் எழுத்து, லாக்கரை வெட்டிய பொறியாளருடைய அடையாளம்.

ஸ்டாம்பர் எண் சிறியது என்பதற்காகக் கூடுதல் விலை கேட்பார்கள். கொஞ்சம் நிதானியுங்கள். ஸ்டாம்பர்கள் எண் வரிசைப்படியே அச்சுக்குப் போனதாகக் கொள்ள முடியாது. தேயாத பள்ளங்களோடு (ஊசி ஓடும் ஒலிக் கோடுகள்) இருக்கும் 40ஆவது ஸ்டாம்பர் பிரதி, கனத்த ஊசியில் உழுதுபோன 2ஆவதைவிட நிச்சயம் நன்றாகப் பாடும்.

இன்னொரு எச்சரிக்கை. மேட்ரிக்ஸ் எண்ணில் ‘-1’ இருப்பதாலேயே தட்டு 1967 அச்சு ஆகிவிடாது. பழைய லாக்கரிலிருந்து வந்த உலோகத்தை எழுபதுகளிலும் பயன்படுத்தினார்கள். லேபிள், டெட் வாக்ஸ், அட்டை மூன்றும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். ஒன்று முரண்டு பிடித்தாலும் அது மறு அச்சு, அல்லது யாரோ ஒரு தட்டை வேறொரு அட்டையில் போட்டுவிட்ட கலவை.

அட்டை

அறுபதுகளின் பிரிட்டிஷ் அட்டைகளில் முன்பக்கம் பளபளப்பான லேமினேஷன். அதன் ஓரங்கள் பின்பக்கம் மடிந்து ஒட்டியிருக்கும். பின்பக்கத்தில் மூன்று ஓரங்களிலும் அந்த மடிப்புப் பட்டை தெரியும். இதைத்தான் ஃபிளிப்பேக் என்கிறார்கள். பின்பக்கத்தின் கீழே அச்சகத்தின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். ‘எர்னஸ்ட் ஜே. டே’, ‘காரட் அண்ட் லாஃப்ட்ஹவுஸ்’ ஆகிய இரண்டும் அடிக்கடி வரும். பார்கோடு இருந்தால் அந்த அட்டை அறுபதுகளுடையது அல்ல, மேலே பார்க்கவே வேண்டாம்.

போலி அட்டைகள் பெரும்பாலும் அசல் அட்டையைப் புகைப்படம் எடுத்து அச்சடித்தவை. லூப்பை வைத்துச் சிறிய எழுத்துகளைப் பாருங்கள். அசலில் எழுத்து ஒரே நிறத்தில் கூர்மையாக இருக்கும். போலியில் எழுத்தின் விளிம்பே புள்ளி புள்ளியாக உடைந்திருக்கும், படத்தின் நிழல் பகுதிகள் அடைத்துப்போயிருக்கும்.

சில அட்டைகளே தனிச் சிக்கல். ஸ்மால் ஃபேசஸின் ‘ஆக்டன்ஸ் நட் கான் ஃபிளேக்’ 1968இல் புகையிலை டப்பா வடிவில் வட்ட அட்டையோடு வந்தது. மடிப்புகளில் கிழியாத பிரதி கிடைப்பது கடினம், அலமாரியில் உருளவும் செய்யும். ‘சட்டானிக் மெஜஸ்டீஸ்’ முதல் அச்சில் முப்பரிமாணப் படம் ஒட்டியிருக்கும். தட்டையான படம் போட்டது பிற்பாடு வந்தது. ‘சார்ஜென்ட் பெப்பர்’ என்றால் வெட்டியெடுக்கும் படத்தாளும் சிவப்பு அலை போட்ட உள்ளுறையும் உள்ளனவா என்று கேளுங்கள். அவை இரண்டும் இல்லாத பிரதிக்கு முழு விலை கொடுப்பது நியாயமில்லை.

மோனோவா, ஸ்டீரியோவா?

1967 வரை லண்டன் ஸ்டுடியோக்களில் பாப் இசைக்கு மோனோதான் மூத்த பிள்ளை. கலைஞர்கள் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்த ஒலிக்கலவை (மிக்ஸ்) அதுதான். ‘சார்ஜென்ட் பெப்பர்’, ‘பைப்பர்’ இரண்டிலும் மோனோவும் ஸ்டீரியோவும் தனித்தனியாகக் கலக்கப்பட்டவை, கேட்டாலே வேறுபாடு தெரியும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் ‘ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்டு’ 1967இல் பிரிட்டனில் டிராக் 612 001 என்ற எண்ணில் மோனோவாக மட்டுமே வந்தது. 1968, 69இல் மோனோ விற்பனை சரிந்தது. அதனால் அந்த ஆண்டுகளின் மோனோ பிரதிகள் அரியவை, விலையும் ஏறும்.

ஆனால் எல்லா மோனோவும் தனிக் கலவை அல்ல. ஸ்டீரியோவின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒன்றாக்கிய வெறும் மடிப்பும் உண்டு. அமெரிக்காவில் லவ் குழுவின் ‘ஃபாரெவர் சேஞ்சஸ்’ மோனோ அப்படிப்பட்டது. அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அரிய பொருளுக்குத்தான், ஒலிக்கு அல்ல. எங்கள் பரிந்துரை: 1967 வரை மோனோ, 1968 நடுவிலிருந்து ஸ்டீரியோ, விதிவிலக்குகளை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

அமெரிக்க அச்சுகள் கைக்கு வந்தால்

அமெரிக்க ‘பைப்பர்’ டவர் லேபிளில் வந்தது. ‘அஸ்ட்ரோனமி டாமினே’, ‘ஃபிளேமிங்’, ‘பைக்’ மூன்றும் அதில் இல்லை, ‘சீ எமிலி பிளே’ சேர்ந்திருக்கிறது. அதைத் தனித் தட்டாகவே கருத வேண்டும். அட்கோ, அட்லாண்டிக் லேபிள்களில் விலாசத்தைப் பாருங்கள்: 1841 பிராட்வே பழையது, 75 ராக்கஃபெல்லர் பிளாசா எழுபதுகளின் நடுப்பகுதியுடையது. கிரேட்ஃபுல் டெட்டின் ‘ஆக்ஸோமாக்ஸோவா’ 1969இல் வந்து 1971இல் மறுபடி கலக்கப்பட்டது. 1969 கலவை வேண்டுமென்றால் வார்னரின் டபிள்யூ7 சின்னம் உள்ள பச்சை லேபிளைத் தேடுங்கள். தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் குழுவின் இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ் தட்டில் டெட் வாக்ஸில் ‘மாஸ்டர்ஃபோனிக்ஸ்’ என்று முத்திரை இருந்தால், அது எழுபதுகளின் கடைசியில் வந்த மறு அச்சு. அட்டை மூலையில் வெட்டோ துளையோ இருந்தால் தள்ளுபடியில் விற்ற பிரதி. அதனால் தட்டுக்குக் கேடில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

தரம் பார்ப்பது

உலகம் முழுக்க இரண்டு அளவுகோல்கள் புழங்குகின்றன. அமெரிக்க கோல்ட்மைன் அளவில் மின்ட், நியர் மின்ட், விஜி பிளஸ் (வெரி குட் பிளஸ்), விஜி, குட் என்று இறங்கும். விஜி பிளஸ் பிரதி நியர் மின்ட் விலையில் பாதி, விஜி பிரதி கால் பங்கு என்பது பொது வழக்கு. பிரிட்டிஷ் அளவில் நடுவே எக்ஸலன்ட் என்ற படி இருக்கிறது. அது ஏறக்குறைய அமெரிக்க விஜி பிளஸுக்குச் சமம். பிரிட்டிஷ் விற்பனையாளர் வெறும் விஜி என்று எழுதினால் சத்தம் வரும் தட்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணால் பார்க்கும்போது மெல்லிய கீறல்களைக் கண்டு பயப்பட வேண்டாம், அட்டையிலிருந்து எடுத்து வைத்ததில் விழுந்தவை பெரும்பாலும் ஒலிக்காது. நகத்தால் மெதுவாக வருடினால் தட்டுப்படும் கீறல் ஒலிக்கும். அதைவிடப் பெரிய எதிரி பள்ளத் தேய்மானம். அந்தக் காலத்து செராமிக் கார்ட்ரிட்ஜ்கள் (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்குறியாக மாற்றும் பாகம்) 4, 5 கிராம் அழுத்தத்தோடு தட்டை உழுதன. பள்ளச் சுவர் சிதைந்த தட்டு கழுவினாலும் திரும்பாது. வெளிச்சத்தில் கறுப்பு மினுமினுப்புக்குப் பதில் சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் சந்தேகியுங்கள். மையத் துளையைச் சுற்றி லேபிளில் வெள்ளைக் கோடுகள் வலைபோல் இருந்தால், அது பலமுறை சுழன்ற தட்டு. நேரில் கேட்க முடிந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். உட்பக்கப் பள்ளங்களில்தான் தேய்மானம் முதலில் இரைச்சலாக வெளிப்படும், குறிப்பாக உரத்த குரலிலும் சிம்பலிலும்.

தூரத்திலிருந்து வாங்குவது

விலைக்கு டிஸ்காக்ஸ் இணையதளத்தில் அதே அச்சுக்கான விற்பனை வரலாற்றையும், பழைய ஏல முடிவுகளுக்கு பாப்சைக் இணையதளத்தையும் பாருங்கள். கேட்கும் விலை அல்ல, விற்ற விலைதான் கணக்கு. டிஸ்காக்ஸில் ஒரே ஆல்பத்துக்குப் பல டஜன் பக்கங்கள் இருக்கும். விற்பவர் தவறான பக்கத்தில் தட்டைச் சேர்த்திருப்பது மிகச் சாதாரணம்.

வாங்கும் முன் இரண்டு லேபிள்களின் படம், இரண்டு பக்க டெட் வாக்ஸ் எழுத்துகள், விளக்கின் கீழ் சாய்வாக எடுத்த தட்டின் படம், அட்டையின் முதுகும் திறக்கும் ஓரமும், இவற்றைக் கேளுங்கள். போட்டுக் கேட்டுத் தரம் சொன்னதா, பார்த்துச் சொன்னதா என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள், இன்னொரு பிரதி வரும்.

அனுப்பும்போது தட்டை அட்டையிலிருந்து வெளியே எடுத்து, உள்ளுறையோடு அட்டையின் பின்னால் வைக்கச் சொல்லுங்கள். உள்ளேயே விட்டால் வழியில் விழும் ஒவ்வோர் அடிக்கும் தட்டின் விளிம்பு அட்டையின் ஓரத்தைக் கிழிக்கும். இரண்டு பக்கமும் நெளி அட்டை, நெளிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக. சுங்கத்துக்காக மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள், தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கிடைக்கும்.

கழுவுதல்

வந்த தட்டைக் கழுவாமல் ஊசி வைக்காதீர்கள். ஐம்பதாண்டுத் தூசியை ஊசி அரைத்துப் பள்ளத்தில் பதித்துவிடும். 1 லிட்டர் கலவைக்கு 800 மி.லி. வாலை வடிநீர், 200 மி.லி. 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால், ஃபோட்டோ லேபில் பயன்படும் ஃபோட்டோ ஃப்ளோ போன்ற நனைப்பான் சில துளிகள். நனைப்பான் அதிகமானால் பள்ளத்தில் படலமாகத் தங்கி, ஊசி முனையில் வெள்ளையாகத் திரளும். குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் வேண்டாம், காய்ந்ததும் உப்பு நின்று சடசடக்கும். ஆல்கஹால் தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்துவைத்து அடுப்பிலிருந்து தள்ளி வேலை செய்யுங்கள். 78 வேகத்து அரக்குத் தட்டுகளில் இந்தக் கலவை படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

லேபிளை நனைக்காமல் கலவையைப் பரப்பி ஒரு நிமிடம் ஊறவிடுங்கள். மென்மையான தூரிகையால் பள்ளம் ஓடும் திசையிலேயே சுற்றித் தேயுங்கள், குறுக்கே அல்ல. மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுத்து, வெறும் வடிநீரால் அலசி, நிமிர்த்தி வைத்து அரை மணி நேரம் காயவிடுங்கள். பூஞ்சை பிடித்த தட்டுக்கு இரண்டு முறை. பூஞ்சை அட்டையை மற்றவற்றோடு வைக்காதீர்கள்.

ஒலிக்கும் கருவி

சூட்கேஸ் வடிவ மலிவு பிளேயர்களில் இந்தத் தட்டுகளைப் போடுவது அவற்றைக் கெடுப்பது. ஊசி அழுத்தத்தைச் சரிசெய்ய முடிகிற டர்ன்டேபிள், காந்தக் கார்ட்ரிட்ஜ், நீள்வட்ட முனை ஊசி என்பதுதான் குறைந்தபட்சம். அழுத்தத்தைத் தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் மேற்பாதியில் வையுங்கள். மிகக் குறைத்து வைத்தால் ஊசி துள்ளிப் பள்ளச் சுவரை அடிக்கும், அது கனத்த அழுத்தத்தைவிடக் கெடுதல். மோனோ தட்டை ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் கேட்கும்போது ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்துங்கள். பள்ளத்தின் மேலும் கீழுமான அசைவில் எழும் இரைச்சல் அங்கேயே ரத்தாகும். மோனோ விலை கொடுத்து வாங்கிவிட்டு இதைச் செய்யாதவர்கள் நிறையப் பேர்.

வைப்பிடம்

தட்டுகளை நிமிர்த்தி, நெருக்காமலும் சாயவிடாமலும் வையுங்கள். 100 எல்.பி. ஏறக்குறைய 25 கிலோ, பலகை அதைத் தாங்க வேண்டும். வெளியுறை பாலிஎத்திலீனாக இருக்கட்டும். மென்மையான பி.வி.சி. உறை நாளடைவில் தட்டில் பனிபோல் மங்கலைப் படியவைக்கும், அது போகாது. லேமினேஷன் அட்டையோடும் ஒட்டிக்கொள்ளும். பழைய உள்ளுறையை எறியாதீர்கள், அது பிரதியின் பகுதி. அதைக் காலியாக அட்டைக்குள் வைத்து, தட்டைப் புதிய ஆன்டி ஸ்டாடிக் உறையில் போடுங்கள். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் வெயிலைவிட ஈரம்தான் முதல் பிரச்சினை. வெளிச்சுவரில் ஒட்டி அலமாரி வைக்க வேண்டாம், மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் போட்டு மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

நம் ஊரில் பழைய சரக்கைத் தேடும்போது கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான பிரிட்டிஷ் தட்டுகளும் வரும். லேபிளில் ‘மேட் இன் இந்தியா’ இருக்கும். அவற்றுக்கென்று தனிச் சேகரிப்பாளர்கள் உண்டு, ஆனால் இங்கிலாந்து முதல் அச்சின் விலையைக் கொடுக்காதீர்கள். இந்தியாவின் சொந்தச் சரக்கு ‘சிம்லா பீட் 70’, ‘சிம்லா பீட் 71’. இந்தியா டொபாக்கோ கம்பெனி நடத்திய இசைக்குழுப் போட்டிகளிலிருந்து உருவான அந்த இரண்டு தட்டுகளின் மூலப் பிரதிகள் மிக அரிது. பிற்காலத்தில் மறு அச்சும் வந்திருப்பதால், ‘ஒரிஜினல்’ என்று யாராவது நீட்டினால் முதலில் டார்ச்சை எடுங்கள்.

ஒவ்வொரு தட்டும் வீட்டுக்கு வந்த அன்றே பட்டியல் எண், இரண்டு பக்க மேட்ரிக்ஸ், தாய் எண், ஸ்டாம்பர் எழுத்து, லேபிள் வகை, கொடுத்த விலை, தேதி ஆகியவற்றை ஒரு விரிதாளில் எழுதி, டெட் வாக்ஸின் படத்தையும் சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை அதே ஆல்பத்தின் மேலான பிரதி கண்ணில் பட்டால், எதைக் கைமாற்றலாம் என்று அந்த ஒரு வரியைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம்.